அத்தியாயம் 7: தியேட்டர் நேரமும் கல்லாப்பெட்டியும்

பகல்நேர அறுவை மையம் விற்பது தியேட்டர் நேரத்தை. படுக்கை வாடகை இங்கே இல்லை. ஐ.சி.யூ. இல்லை, வாரக்கணக்கில் நீளும் மருந்து பில்லும் இல்லை. காலையில் நடந்து வருகிறவர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். பெரிய மருத்துவமனை ஒரு பிரிவில் விட்டதை இன்னொரு பிரிவில் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆபரேஷன் மேஜை காலியாகக் கிடக்கும் நேரத்திலும் வாடகை, சம்பளம், வங்கித் தவணை மூன்றும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கணக்கும் அந்த மேஜையைச் சுற்றித்தான்.

இது புதிய யோசனை ஒன்றுமில்லை. கிளாஸ்கோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர் 10 ஆண்டுகளில் 8,988 அறுவைகளைப் புறநோயாளிப் பிரிவிலேயே செய்து, அந்த விவரத்தை 1909இல் வெளியிட்டார். ஆபரேஷன் முடிந்த பிள்ளையைத் தாயின் மடியிலேயே வீட்டுக்கு அனுப்பினார். தனி மையமாக இதை நிலைநிறுத்தியது அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 1970இல் வாலஸ் ரீடும் ஜான் ஃபோர்டும். இருவருமே அறுவை மருத்துவர்கள் அல்லர், மயக்க மருந்து மருத்துவர்கள். கத்தி பிடிக்கும் டாக்டர் வந்து போவார். நோயாளி எத்தனை மணிக்கு எழுந்து நடப்பார் என்பதை முடிவு செய்வது மயக்க மருந்துதான். இங்கே மையம் தொடங்குகிற பலர் சர்ஜன் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, மயக்க மருந்து டாக்டரை அன்றன்றைக்குப் போன் போட்டுத் தேடுகிறார்கள். அங்கேயே பாதி நாள் போய்விடும். பங்குதாரராகவோ மாத ஒப்பந்தத்திலோ ஒருவரை முதலிலேயே கட்டிப்போடுங்கள்.

இடம்: கடல் பக்கத்தில் கட்டுவதன் செலவு

புதுச்சேரியின் குருசுக்குப்பம் போன்ற இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்து நகரத்துக்கு வடக்கே ஒட்டியே இருக்கிறது. ஒரு பக்கம் மீனவக் குடும்பங்கள், இன்னொரு பக்கம் பிரெஞ்சு ஓய்வூதியக் குடும்பங்கள். இருவரும் நடந்தே வந்துவிடக்கூடிய தூரம். வயதானவர்கள் அதிகம் என்பதால் கண்புரை, குடலிறக்கம், மூலம், விரைவீக்கம் என்று வேலைக்கும் குறைவில்லை.

ஆனால் உப்புக்காற்றின் பில்லை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை. ஏ.சி.யின் வெளி யூனிட் ஊருக்குள் ஓடும் காலத்தில் பாதிகூடக் கடலோரத்தில் ஓடாது. பூச்சுப் போட்ட காயில் வாங்குங்கள், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், தாங்கு சட்டத்துக்கும் போல்ட்டுக்கும் கடல்காற்றைத் தாங்கும் தரத்துத் துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். கண் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் அதைத் துடைத்து எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தியேட்டரை இரவில் பூட்டும்போது ஈரப்பதத்தை அடக்கி வைக்க ஒரு சிறிய இயந்திரம் ஓடட்டும். நிலத்தடி நீர் உப்பு. அதை அப்படியே ஆட்டோகிளேவில் ஊற்றினால் ஹீட்டரில் உப்புப் படியும், கருவிகளில் கறை விழும். ஆர்.ஓ. தண்ணீருக்கான செலவை முதல் நாளிலிருந்தே மாதக் கணக்கில் சேருங்கள்.

மழையும் புயலும் வேறு கணக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு புதுச்சேரியிலும் கடலூரிலும் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஆகவே ஜெனரேட்டரும் கருவி சுத்திகரிக்கும் அறையும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. இடம் இல்லை என்று கட்டட மேஸ்திரி சொன்னால் ஒரு கன்சல்டிங் அறையைக் கீழே இறக்கிவிட்டு இவற்றை மேலே ஏற்றுங்கள். நனைந்த கன்சல்டிங் அறையை மறுநாள் துடைத்துவிடலாம், நனைந்த ஜெனரேட்டரை அப்படித் துடைக்க முடியாது.

கட்டடம் வாங்குவதற்கு முன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்த மனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1989இல் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் கட்டப்பட்ட பின் வடக்குப் பக்கம் மணல் அரித்துப்போய், இன்று கரையைக் காப்பது கொட்டிய பாறைகள்தான். மாடி எழுப்ப அனுமதி கிடைக்காத மனையில் விரிவாக்கத் திட்டம் போட்டு வங்கிக்குக் கொடுத்தால் அந்தக் கடன் விண்ணப்பத்துக்கு அர்த்தமே இல்லை.

நாள்காட்டியையும் பாருங்கள். மாசி மகத்தன்று பக்கத்து வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். அன்று ஆம்புலன்ஸ் நுழைய வழி இருக்காது. ஒரு கேஸ்கூடப் போடாதீர்கள். வார இறுதியில் சென்னைக் கார்கள் நகரத்தை நிரப்பிவிடும், கடற்கரைச் சாலையும் மாலையில் வண்டிகளுக்கு அடைபடும். சனிக்கிழமைப் பட்டியலை மதியத்துக்குள் முடித்து, எல்லாரையும் நான்கு மணிக்குள் அனுப்பிவிடுவது நல்லது.

உரிமங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2012 மார்ச் முதல் டில்லி நீங்கலான யூனியன் பிரதேசங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பதிவு வேண்டும். எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்தில் இடம் பார்த்தால் அது விழுப்புரம் மாவட்டம்; தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டம், வேறு அலுவலகம், வேறு படிவம். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் அனுமதி தேவை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. தீயணைப்புச் சான்று, மருந்துக்கடை உரிமம், ஃபென்டனில் போன்ற மருந்துகளுக்கு இரட்டைப் பூட்டு அலமாரியும் தனிப் பதிவேடும். இவற்றையெல்லாம் ஒரே கோப்பில் வைத்து, காலாவதித் தேதிகளைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முந்தின நாள் இரவின் போன்

யாரை இங்கே அறுக்கலாம், யாரை அறுக்கக் கூடாது என்பது மருத்துவ முடிவுதான். ஆனாலும் வரவு செலவில் அதற்கு இருக்கும் பங்கு பெரிது. இதயம் பலவீனமானவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், தூக்கத்தில் மூச்சு நின்று போகிறவர் ஆகியோரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உடம்பு சரியாக இருந்தாலும் அன்று இரவு கூடத் தங்க ஆள் இல்லாதவரை எடுக்காதீர்கள். வீடு ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சிக்கல் வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதை எழுத்தில் வைத்திருங்கள்: அரசுப் பொது மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஜிப்மர் கோரிமேட்டில். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒருவழித் தெருக்களின் நகரம் இது.

கடைசி நேரத்தில் ரத்தாகும் கேஸ்களில் பெரும்பகுதி ஒரு போன் பேச்சில் தவிர்க்கக் கூடியவை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல், வேறு எந்த வேலையும் கொடுக்காமல் ஒரு நர்ஸை உட்கார வைத்துப் பட்டியலில் உள்ள அனைவரையும் கூப்பிடச் சொல்லுங்கள். பேச்சு இப்படிப் போகட்டும்:

"அண்ணே, ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். நாளைக்குக் காலைல ஆறரைக்கு வந்துடுங்க."

"சரிம்மா. ஒரு டீ மட்டும் குடிச்சிட்டு வந்துடறேன்."

"டீ வேணாண்ணே. பால் சேந்தா அது சாப்பாட்டுக் கணக்கு. ராத்திரி பத்து மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க. காலைல அஞ்சு மணி வரைக்கும் வெறுந்தண்ணி குடிக்கலாம். கூட யாரு வராங்க?"

"எம் பொண்ணு வரும்."

"அவங்க போன் நம்பர் குடுங்கண்ணே. நாளைக்கு ராத்திரி உங்க கூடவே தங்குவாங்கல்ல? ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்ற விதியை அச்சடித்த தாளில் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. அந்த ஒரு டம்ளர் டீயால் ஒன்றரை மணி நேர மேஜை நேரம் போய்விடும். கண்ணைச் சொட்டு மருந்தால் மரக்கச் செய்து முடிக்கும் கேஸ்களுக்கு இந்தப் பட்டினி பெரும்பாலும் தேவைப்படாது. அதை மயக்க மருந்து டாக்டர் சொல்லட்டும், வரவேற்பு மேஜை சொல்ல வேண்டாம்.

மேஜையில் நடப்பது

பட்டியலை எந்த வரிசையில் போடுவது? பல மையங்களில் எந்த டாக்டர் எப்போது வருகிறாரோ அதுதான் வரிசை. அதை மாற்றுங்கள். குழந்தைகள் முதலில். சர்க்கரை நோயாளிகளைக் காலையிலேயே முடியுங்கள். ஸ்பைனல் ஊசி போடும் கேஸ்களும் காலையில்தான்: கால் உணர்வு திரும்பவும் சிறுநீர் கழியவும் அவர்களுக்கு நேரமாகும். ஸ்பைனல் போட்ட குடலிறக்க நோயாளியை மூன்று மணிக்கு மேஜையில் ஏற்றினால், இரவு பத்து மணிக்கு இரண்டு நர்ஸ்கள் அவருக்காக உட்கார்ந்திருப்பார்கள், ஓவர்டைமில். மரப்பு ஊசி மட்டும் போடும் சின்ன வேலைகளை மாலைக்குத் தள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முடிவை யார் எடுப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. டொரான்டோவில் பிரான்ஸஸ் சுங் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறை எளியது: நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, ரத்தக்கசிவு என்று ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண். 10க்கு 9 வந்தால் அனுப்பலாம். நர்ஸ் மதிப்பெண் போடட்டும், டாக்டர் கையெழுத்துப் போடட்டும். "டாக்டர் வந்து பார்த்தாத்தான்" என்று காத்திருப்பவர்கள் குறைவார்கள்.

ஒரு கேஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையான இடைவெளியை மட்டும் இரண்டு வாரம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். 15 நிமிஷத்தில் முடிய வேண்டியது 35 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறு கேஸ் என்றால் ஐந்து இடைவெளி, 100 நிமிஷம் நஷ்டம். ஒரு முழுக் குடலிறக்க ஆபரேஷன் அதற்குள் முடிந்திருக்கும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆட்கள் குறைவு என்பதல்ல; கருவி செட் குறைவு. இரண்டு செட் வைத்துக்கொண்டு ஆட்டோகிளேவ் எப்போது முடியும் என்று ஐந்து பேர் நிற்பார்கள். சர்ஜனுக்குப் புது மைக்ராஸ்கோப் வாங்கித் தருவதற்கு முன் நான்கு செட் கருவி வாங்குங்கள்.

இதைப் பெரிய அளவில் காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர். அதன் புதுச்சேரிக் கிளை 2003இல் கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் வந்தது. அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒரு கண்ணை முடித்ததும் மைக்ராஸ்கோப் பக்கத்து மேஜைக்குத் திரும்பும். அங்கே அடுத்தவர் துடைத்து, மூடி, தயாராகப் படுத்திருப்பார். சர்ஜன் செய்ய வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பள்ளிப் படிப்பு முடித்துச் சேர்ந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். உள்விழி லென்ஸை வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்க வேண்டியிருந்த காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற சொந்த ஆலையைத் தொடங்கி விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பணம் கட்டுகிறவர்களின் வருவாயில், கட்ட முடியாதவர்களுக்கும் பார்க்கிறார்கள்.

அரவிந்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் காப்பியடிக்க நினைக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் கிராமக் கண் முகாம்கள், பார்வை மையங்கள் என்று ஒரு பெரிய வேர் இருக்கிறது. ஒற்றைத் தியேட்டர் மையத்துக்கு அது வராது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒழுங்கை: ஒரே மாதிரி செட், ஒரே வரிசை, யார் எதைத் தொடுவது என்பதில் சந்தேகம் இல்லாத நிலை.

வேகம் என்றால் தொற்று வரும் என்று பயப்படுகிறவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். கண்புரை ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துவதை அரவிந்த் வழக்கமாக்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, கண்ணுக்குள் சீழ் பிடிப்பது 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது. உங்கள் மையத்தில் ஒரே ஒரு கண் போனால் அதற்கான சிகிச்சைச் செலவு மட்டும் உங்கள் தலையில் விழாது. தியேட்டர் மூடப்படும், சுவரிலிருந்து தண்ணீர் வரை மாதிரி எடுப்பார்கள், அதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். ஆட்டோகிளேவ் சுற்றுக்குச் சுற்று உள்ளே வைக்கும் நிறமாறும் பட்டையை நோயாளியின் கோப்பிலேயே ஒட்டுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படியுங்கள். எட்டு நகரங்களில் அதைச் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். ஒரு பரிசோதனைக்கு வாங்கிய கையெழுத்தை வைத்து வேறு ஆபரேஷன் செய்ய முடியாது என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடது கண்ணா, வலது கண்ணா என்பதை நோயாளி வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள்.

ஒரு மணி நேரத்தின் விலை

இனி வருவன உதாரணத்துக்கு வைத்த எண்கள். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

மாதம் வாடகை 1,50,000. சம்பளம் 6,00,000. வங்கித் தவணை 3,00,000. மின்சாரமும் டீசலும் 90,000. கருவிப் பராமரிப்பு ஒப்பந்தம், கழிவு, காப்பீடு, ஆடிட்டர், சில்லறை 1,60,000. மொத்தம் 13 லட்சம். 25 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் தியேட்டர் நேரம் 200. ஆகவே ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை 6,500 ரூபாய். இதைச் சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதி வரும். ஆனால் மேஜையில் உண்மையாக ஆள் இருந்தது 100 மணி நேரம்தான் என்றால் அதே அடக்கவிலை 13,000.

இப்போது மூன்று கேஸ்களைப் பார்ப்போம். வலை வைக்கும் குடலிறக்க ஆபரேஷனுக்கு 45,000 வாங்குகிறீர்கள். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், வலை, மற்ற பொருட்கள் போக 14,000 மிஞ்சும். சுத்தம் செய்யும் நேரத்தோடு ஒன்றரை மணி ஆகும். விரைவீக்கத்துக்கு 28,000, மிச்சம் 11,000, நேரம் ஒரு மணி. கண்புரைக்கு 25,000; லென்ஸ், சர்ஜன் போக மிச்சம் 9,000; நேரம் அரை மணி. பில் தொகையைப் பார்த்தால் குடலிறக்கம்தான் ராஜா. மணிக்குப் பிரித்தால் குடலிறக்கம் 9,333, விரைவீக்கம் 11,000, கண்புரை 18,000. மாதச் செலவான 13 லட்சத்தைக் கண்புரையால் மட்டும் ஈடுகட்ட 145 கேஸ், 72 மணி நேரத்துக்குச் சற்று மேல். குடலிறக்கத்தால் மட்டும் என்றால் 93 கேஸ், 140 மணி நேரம்.

இந்தக் கணக்கைத் தப்பாகப் படிக்கிறவர்கள் உண்டு. "குடலிறக்கம் லாபமில்லை, விட்டுவிடலாம்" என்பார்கள். மேஜை நிரம்பி வழிந்தால்தான் மணிக்கணக்கு முக்கியம். அப்போது அரிதானது நேரம். மேஜை பாதி காலியாக இருக்கும்போது அரிதானவர் நோயாளி. அப்போது கைக்கு 14,000 தரும் கேஸை வேண்டாம் என்று சொல்வது பைத்தியக்காரத்தனம். முதல் இரண்டு ஆண்டில் பெரும்பாலான மையங்கள் இரண்டாவது நிலையில்தான் இருக்கும். அதனால் தொடக்கத்தில் எந்தக் கேஸ் வந்தாலும் எடுங்கள். நிரம்பத் தொடங்கிய பின் எதற்கு எந்த நேரம் என்று பிரியுங்கள்.

நோயாளியை அனுப்பும் டாக்டருக்குக் கமிஷன் கொடுத்து மேஜையை நிரப்பலாம் என்ற ஆலோசனை உங்களுக்குக் கட்டாயம் வரும். மருத்துவ நெறிமுறை விதிகள் 2002இலேயே இதைத் தடை செய்திருக்கின்றன. விதியை விடுங்கள், கணக்கே ஒத்துவராது. 14,000 மிச்சத்தில் 7,000 கமிஷன் போனால் மாதம் 93 கேஸ் 186 ஆகிவிடும். அதற்கு 279 மணி நேரம் வேண்டும். உங்களிடம் இருப்பது 200.

யார் பணம் தருகிறார்கள்

நான்கு வகைப் பணம் வரும்: கையில் கட்டுகிறவர், தனியார் காப்பீடு, அரசுக் காப்பீடு, பிரான்சில் காப்பீடு உள்ள குடும்பம்.

தனியார் காப்பீட்டில் 24 மணி நேரம் தங்க வேண்டும் என்ற விதி பகல்நேர அறுவைக்குப் பொருந்தாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி பகல்நேர மையத்துக்கு இத்தனை படுக்கை என்ற கட்டாயமும் இல்லை. தகுதியுள்ள நர்ஸ்கள், பொறுப்பு மருத்துவர், சொந்தமான முழு வசதியுள்ள தியேட்டர், தினசரிப் பதிவேடு இருந்தால் போதும். ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை, ரொக்கமில்லா அனுமதியை 1 மணி நேரத்துக்குள்ளும் டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் தரச் சொல்கிறது. அந்த மூன்று மணி நேரம் அவர்கள் கையில் பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். ஆகவே கேஸ் முடிந்த அரை மணிக்குள் பில் போக வேண்டும். இல்லாவிட்டால் நடக்கத் தயாராக இருக்கும் நோயாளி பில்லுக்காகப் படுக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அரசுக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் அட்டை கிடைக்கிறது. கண்புரை வயதும் அதுதான். தொகுப்புக் கட்டணம் குறைவு என்று பலர் ஒதுங்குகிறார்கள். செவ்வாயும் வியாழனும் மதியம் மேஜை காலியாகவே கிடக்கிறது என்றால், மேலே சொன்ன கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரெஞ்சு ஓய்வூதியக் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு அங்கிருந்து திரும்பப் பெறப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது தள்ளுபடி இல்லை. டாக்டர் கட்டணம், தியேட்டர், லென்ஸ், மருந்து என்று தனித்தனியாகப் பிரித்த, முத்திரையும் பணம் பெற்ற அடையாளமும் உள்ள அசல் பில். இதைச் சுத்தமாகக் கொடுக்கும் மையத்தின் பெயர் அந்த வீடுகளில் தானாகப் பரவும்.

லாபம் இருக்கும், பணம் இருக்காது

மாத பில் 20 லட்சம், அதில் 60 சதவீதம் காப்பீடு என்று வைத்துக்கொள்வோம். பணம் வர 60 நாள் என்றால் எந்த நேரத்திலும் 24 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அந்த 24 லட்சத்துக்குக் கருவிக் கடன் வாங்கும்போதே நடைமுறை மூலதனக் கடன் பேசி வைக்காதவர்கள், ஆறாவது மாதம் லென்ஸ் சப்ளையரிடம் தவணை சொல்லி நிற்பார்கள். சப்ளையர் அடுத்த முறை தள்ளுபடியைக் குறைப்பார். அந்த வட்டி கணக்குப் புத்தகத்தில் எங்கேயும் தெரியாது.

கழிக்கப்படும் தொகைகளைத் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள். "கையுறைக்குத் தர மாட்டோம்", "ரிப்போர்ட் இணைக்கவில்லை" என்று பில்லுக்குப் பில் ஆயிரம் இரண்டாயிரம் போகும். காரணம் வாரியாக மாதம் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். முக்கால்வாசி, கோப்பில் ஒரு தாள் குறைந்ததால் போனதாக இருக்கும். அதை வாங்கித் தரும் பொறுப்பை ஒரே ஒரு ஆளிடம் கொடுங்கள்.

வரிப் பிடித்தம் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம். காப்பீட்டு முகமைகள் மருத்துவமனைக்குத் தரும் தொகையில் வரி பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2009 நவம்பரில் தெளிவுபடுத்தியது. பிடிப்பது 10 சதவீதம், அதுவும் லாபத்தில் இல்லை, மொத்த பில்லில். மாதம் 12 லட்சம் காப்பீட்டுப் பணம் என்றால் ஆண்டுக்கு 14.4 லட்சம் அரசிடம் நிற்கும். தொடக்க ஆண்டில் நஷ்டத்தில் ஓடும் மையத்துக்குக் கட்ட வேண்டிய வரியே இருக்காது. ரீஃபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரி அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கலாம். ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். ஆடிட்டர் தானாகச் சொல்வார் என்று இருக்காதீர்கள்.

ஜி.எஸ்.டி.யில் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. விலக்கு என்பதால் நீங்கள் கருவிக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அது அப்படியே கருவியின் விலையில் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருத்துவக் கருவிகளுக்கு வரி 5 சதவீதமாக இறங்கியிருப்பதால் அந்தச் சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. பழைய கொட்டேஷனை வைத்து வங்கிக்குப் போகாதீர்கள்.

தடைக்காலக் கணக்கு

குருசுக்குப்பம் போன்ற மீனவ ஊர்களுக்கே உரிய ஒரு பருவத்தை எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வலை இழுத்தே குடலிறக்கம் வந்த ஆட்களும், அதோடு ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்களும், படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரம் கனம் தூக்கக் கூடாது என்பதற்கும் அந்த நாட்கள் சரியாக வரும். ஆனால் அதே நாட்களில்தான் கையில் காசு இருக்காது. தேவை உச்சத்தில் இருக்கும், ரொக்கம் அடிமட்டத்தில்.

இதற்கு மார்ச்சிலேயே தயாராக வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் பேசி, மார்ச்சில் ஒரு பரிசோதனை நாள் வையுங்கள். யாருக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது, யாருடையது புதுப்பிக்கப்படவில்லை என்று அன்றே பட்டியல் எடுத்து, ஏப்ரலுக்குள் சரி செய்துகொடுக்க ஒரு ஆளைப் போடுங்கள். அட்டை இல்லாதவருக்கு மூன்று தவணை: பாதி முன்பணம், மீதி ஜூலையிலும் ஆகஸ்டிலும், படகு போகத் தொடங்கிய பிறகு. தடைக்காலத்தில் எத்தனை கேஸை இப்படித் தவணையில் எடுப்பது என்பதற்கு முன்கூட்டியே ஒரு எண்ணிக்கை வையுங்கள். உதாரணக் கணக்கில் குடலிறக்கத்துக்கு 31,000 ரூபாய் வெளியே போகிறது, முன்பணமாக வருவது 22,500. ஒவ்வொரு தவணைக் கேஸும் 8,500 ரூபாயை உங்கள் கையிலிருந்து எடுக்கும். 20 கேஸுக்கு 1,70,000. அந்தத் தொகை மார்ச் 31 அன்று வங்கியில் இருந்தால் 20 கேஸ் எடுங்கள். பாதி இருந்தால் 10.

சர்ஜனின் கட்டணத்தையும் இதே தவணையோடு கட்டிவிட முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கைக்கு வரும் 15,000இல் பாதியை ஆகஸ்டில் வாங்கிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டால் ஒரு கேஸுக்கு உங்கள் கைப்பணம் 1,000 ரூபாயாகக் குறைந்துவிடும். கேட்காமலேயே மறுத்துவிடுவார் என்று முடிவு செய்துகொள்கிறவர்கள்தான் அதிகம். ஏ.சி. சர்வீஸ், ஜெனரேட்டர் ஓவர்ஹால், ஆட்டோகிளேவ் அளவுச் சோதனை, நர்ஸ்களின் நீண்ட விடுப்பு எல்லாவற்றையும் ஜூன் 15க்குப் பிறகு, மேஜை தானாகக் காலியாகும் இரண்டு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.